வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் அனுப்பினால் பிரிக்காமலே அழித்துவிடுவாய். கடிதத்தை மட்டும் உன்னால் பிரிக்காமல் இருக்க முடியாது. எத்தனை பிழை விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவாவது பிரிப்பாய். அதனால்தான் இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஊருக்கு, மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் தபாலில் எழுதுகிறேன்.

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய். கல்லூரியில் மொழிப் பேராசிரியர், வருடா வருடம் கல்லூரி மலருக்கு ஆசிரியர், மூன்றாவது மாடியில் சொந்த வீடு. அந்த வீட்டுக்கு நீ நண்பர்களை முதன்முதலாக அழைத்த அன்று நானும் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வேனை வாசலில் நிறுத்தப் போனபோது பால்கனியிலிருந்து போன் செய்தாய். "அக்கா, வண்டிய பின்னாடி தெருவுல போட்டுட்டு வாக்கா. இங்க எல்லாரும் இருக்காங்க." நான் பின்னாடித் தெருவில் போடவில்லை. திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். மூன்று வருடம் ஆகிறது. உனக்கு வாங்கி வந்த சுவர்க் கண்ணாடி இன்னும் என் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது.

காரியம் இல்லாமல் எழுதவில்லை. பூச்சி மருந்து அடிக்கிற தொழிலில் ஒரு சாபம் உண்டு. தச்சர் நல்ல மேஜை செய்து கொடுத்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்கள். நான் ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சியை அடியோடு ஒழித்துக் கொடுத்தால், மறுநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் அந்த வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்து வீட்டில் சொல்வாளா? செத்தாலும் சொல்லமாட்டாள். போனில் கூப்பிடுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கேட்பது என்ன மருந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்பதல்ல. "வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

ஆகவே வாய்வழியாக எனக்கு வேலை வராது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இணையத்தில் திருட்டுத்தனமாகத் தேடுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் சொன்னார்: "மேடம், ஒரு ப்ளாக் ஆரம்பிங்க. வாரம் ஒண்ணு, திங்கக்கிழமை தவறாம போடுங்க. விட்டு விட்டு எழுதுனா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க." பதினோரு திங்கட்கிழமை போய்விட்டது. ஒன்றுதான் போட்டிருக்கிறேன். அதுவும் வெறும் வணக்கம்.

பெரிய கம்பெனி ஒன்று நான்கு வண்டியோடு வந்து இறங்கியிருக்கிறது. ஜூனுக்குள் வேலை கூடவில்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களிடமே சம்பளத்துக்குப் போக வேண்டும். பத்தொன்பது வருடக் கடை. எனக்குப் பூச்சி தெரியும், எழுதத் தெரியாது. உனக்கு எழுதத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. இத்துடன் முதல் கட்டுரை இருக்கிறது. திருத்தி அனுப்பு.

உன் அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் கடிதம் எழுதும் ஒரே பெண்மணி நீயாகத்தான் இருப்பாய். முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய சமையலறையில் கரப்பான் எங்கெங்கே இருந்தது என்று படம் போட்டிருக்கிறது. தாள் முழுக்க மருந்து நாற்றம். என் மனைவி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுதான் கொண்டுவந்து கொடுத்தாள். நீ எதிர்பார்த்தபடியே எண்ணினேன். கடிதத்தில் பிழைகள் இருபத்தாறு, கட்டுரையில் நாற்பத்து மூன்று.

அந்த நாள் கதையை நான் திரும்பப் பேச விரும்பவில்லை. கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கரப்பானை மல்லாக்கப் படுக்கவைத்து வரைந்த மஞ்சள் வேனை, துறைத்தலைவரும் அவர் மனைவியும் வந்திருக்கும் வீட்டு வாசலில் நிறுத்துவது நாகரிகமா என்பதை நீயே யோசி. அதிலும் அந்தக் கரப்பானுக்கு ஐந்து கால்தான். வரைந்தவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

வலைப்பூ என்பது எழுதத் தெரியாதவர்கள் எழுதி, படிக்கத் தெரியாதவர்கள் படிப்பது. ஆயினும் கேட்டுவிட்டாய். 'மூட்டைப்பூச்சி வந்தால் என்ன செய்வது?' என்று தலைப்பு வைத்தால் எந்த மானமுள்ளவன் படிப்பான்? 'அழையா விருந்தாளிகள்: ஒரு பார்வை' என்று மாற்றியிருக்கிறேன். தொடக்கத்தில் மனிதனுக்கும் சிற்றுயிர்களுக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு பத்தி சேர்த்திருக்கிறேன். 'கடிக்கிறது என்று பயந்து வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள்' என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய். வாசகர் எங்கே படுக்க வேண்டும் என்று சொல்ல நீ யார்? தேவையற்ற விவரம். அடித்துவிட்டேன்.

இனிமேல் எதை எழுதினாலும் எனக்கு அனுப்பாமல் போடாதே. எப்படியும் நீ என் அக்கா என்று யாராவது ஒருநாள் கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள். அன்று பிழையாவது இல்லாமல் இருக்கட்டும்.

நாங்கள் நலம். சென்ற மாதம் ஒரு பழைய மாளிகையில் ஏலம் விட்டபோது, நூறு வருடத்துக்கு முந்திய செதுக்குவேலைக் கட்டில் ஒன்றை எடுத்தேன். தலைமாட்டில் மயில். அதன் அருமை உனக்குப் புரியாது.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

நீ திருத்தியதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன். என்னோடு வேலை செய்கிற முகமூடி அண்ணன்தான் தட்டச்சு செய்தார். வருடக்கணக்காக முகமூடியோடே பார்த்துப் பழகியதால் அவர் மூக்கு எப்படி இருக்கும் என்றுகூட எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், 'பிரபஞ்சத்தின் மாபெரும் நாடகத்தில்' என்ற இடத்தில் நிறுத்தினார். "இது நம்ம கடைதானா?" என்று கேட்டார்.

ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள். நான், அவர், தளம் அமைத்தவர், நீ. ஐந்தாவது ஆள் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். எத்தனை விருந்தாளிகள் வரை சமைத்துக் கொடுப்பீர்களாம்.

இரண்டாவது கட்டுரையை ஜனவரி 27 அனுப்பினேன். 14-ஆம் தேதி திரும்பி வந்தது. பதினெட்டு நாளில் மூட்டைப்பூச்சி முட்டையிட்டுப் பொரித்தே விடும். அதுவும் சிவப்பு மையில் குளித்துவிட்டு வந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாய். பார்த்து என்ன? என் ஒரு வரியும் அதில் மிச்சமில்லை.

மூன்றாவதை ஒரு வீட்டு வாசலில், மருந்து காய்வதற்காகக் காத்திருந்தபோது, வேனுக்குள் உட்கார்ந்து எழுதினேன். வீட்டுக்காரர் வந்து ஜன்னலில் தட்டினார். "என்ன எழுதுறீங்க? எங்களைப் பத்தியா?" இல்லை என்றேன். நம்பவில்லை. அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்ட பிறகுதான் உள்ளே போனார். நான்காவதை எழுத உட்கார்ந்த அன்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு. ஊரிலிருந்து வந்த உறவுக்காரி மாதிரி, மருந்தைச் சூட்கேஸில் வைத்துக்கொண்டு வர வேண்டுமாம். போனேன். அந்த அம்மா வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, "எவ்ளோ நாளாச்சு பாத்து!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் எழுத முடியுமா? எழுதினால் எவன் கூப்பிடுவான்?

உண்மையைச் சொல்கிறேன். உட்கார்ந்தால் வரவில்லை. ஒரு வரி எழுதியதும் உன் சிவப்பு மை கண்ணுக்கு முன்னால் வருகிறது. பேனாவை வைத்துவிட்டு ஸ்பிரேயரைத் துடைக்கப் போய்விடுகிறேன். இந்த வயதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பயந்துகொண்டிருப்பது எனக்கே அவமானமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

நேரமில்லை, வரவில்லை, பயமாக இருக்கிறது. கட்டுரை எழுதாமல் வரும் மாணவர்களிடம் பதினெட்டு வருடமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்காவது இருபது வயது. எழுதுவது ஒரு ஒழுக்கம். அது எல்லோருக்கும் வராது. வராதவர்கள் கையில் இருக்கிற தொழிலைப் பார்க்கலாம். உன்னிடம் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது, அது எப்படிப்பட்டதாக இருந்தாலும்.

வேறொரு விஷயம். என் சக ஆசிரியர் ஒருவருக்குக் கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக இருக்கிறதாம். மூன்று மூன்றாக, ஒரே வரிசையில். காலையில் எழுந்திருக்கும்போது அரிப்பு தாங்கவில்லை. கொசுவாகத்தான் இருக்க வேண்டும். மிகவும் கௌரவமான குடும்பம். வாரத்துக்கு இரண்டு முறை வீட்டைக் கழுவித் துடைக்கிறார்கள். அதனால் நீ நினைப்பது போன்ற எதுவும் அங்கே இருக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் கேட்கச் சொன்னார்.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

உன் சக ஆசிரியருக்கு என் பதில் கீழே இருக்கிறது. அப்படியே கொடுத்துவிடு. திருத்த வேண்டாம்.

அன்புள்ள சக ஆசிரியருக்கு,

கொசு வரிசை கட்டிக் கடிக்காது. அதற்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது. மூன்று மூன்றாக வரிசையில் கடிப்பது மூட்டைப்பூச்சி. உங்கள் குடும்பம் கௌரவமானது என்பதை அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை கழுவித் துடைப்பதும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: சூடாக ஒரு ஆள் அசையாமல் படுத்திருக்கிறான். பேராசிரியர் ரத்தமும் மூட்டை தூக்குகிறவர் ரத்தமும் அதற்கு ஒரே ருசிதான்.

மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும். கட்டிலின் மூட்டுகளில் ஒரு பழைய அட்டையை விட்டு இழுத்துப் பாருங்கள். சமீபத்தில் பழைய கட்டில் ஏதாவது வாங்கினீர்களா? செதுக்குவேலை அதிகமுள்ள கட்டிலாக இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். மயில் தோகையில் எத்தனை பள்ளம் இருக்கிறதோ அத்தனை வீடு.

மூன்று காரியம் செய்யாதீர்கள். கடையில் விற்கிற ஸ்பிரேயை வாங்கி நீங்களே அடிக்காதீர்கள். அவை சாகாமல் சுவருக்குள்ளும் அடுத்த அறைக்கும் சிதறி ஓடும். மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போடாதீர்கள். வழியெல்லாம் உதிரும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கடிக்கிறது என்று பயந்து வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். நீங்கள் எங்கே போகிறீர்களோ அங்கே அவையும் வரும். அவற்றுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வெட்கப்படுவதை மட்டும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். வெட்கப்பட்டு மூடி மறைக்கிற வீட்டில்தான் அது சுகமாகப் பெருகுகிறது.

இவ்வளவுதான் பதில். தம்பி, இதை எழுதக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வந்த அன்றே நான் பிரிக்கவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது. உன் கையெழுத்தைப் பார்க்கும் மனநிலையிலும் இல்லை. பதினோரு நாள் கழித்துத்தான் பிரித்தேன்.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்பிரே வாங்கினோம், நான்கு டப்பா. பக்கத்துக் கடையில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளிப் போய் வாங்கினேன். அன்றைக்கே மகளின் அறைக்கு மாறினோம். நான்காம் நாள் அங்கேயும். கூடத்துக்கு மாறினோம். சோபாவிலும் வந்துவிட்டது. விடியற்காலையில் மெத்தையைப் போர்வையால் சுற்றி, மாடிப்படி வழியாக நானே இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டி ஓரம் வைத்தேன். காவலாளி அதைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு வந்து, "சார், உங்க மெத்தை கீழ விழுந்திருச்சு" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

சக ஆசிரியர் யார் என்று நீ முதலிலேயே கண்டுபிடித்துவிட்டாய். மயிலைப் பற்றி எழுதியபோதே புரிந்தது. அதில் உனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதும் புரிந்தது. இதுவெல்லாம் அந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று நீ சொல்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று வருடம் இல்லாத பூச்சி, உன் கடிதங்கள் வர ஆரம்பித்த பிறகுதானே வந்தது? மூட்டைப்பூச்சி வீடுகளில் உட்கார்ந்து எழுதி, உறையில் போட்டு அனுப்பியது யார்?

மகளைக் கூட்டிக்கொண்டு என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் எதையாவது கொண்டுபோயிருப்பாளோ என்று பயமாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். வகுப்பில் சட்டைக் கையை மடித்துவிட முடியவில்லை.

நீ வர வேண்டும். ஆனால் அந்த வேனில் வராதே. வாடகைக் காரில் வா, அல்லது வேனைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வா. சீருடை வேண்டாம். மருந்தைச் சூட்கேஸில் கொண்டுவா. யாராவது கேட்டால் என் அக்கா என்று சொல், என்ன வேலை என்று சொல்லாதே.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை முகமூடி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். முதல்முறையாக முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மூட்டைப்பூச்சி கடிதத்தில் வராது. அதற்குப் படிக்கப் பிடிக்காது. அது உன் மயிலோடுதான் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் உன் அக்கா என்று தெரிந்துவிடக் கூடாதென்று வேனை மறைக்கச் சொன்னாய். இப்போது வேன் தெரிந்துவிடக் கூடாதென்று அக்கா என்று சொல்லச் சொல்கிறாய். நீதிபதி வீட்டு அம்மாவாவது வாசலில் கட்டிப்பிடித்தாள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் முதல் கட்டுரை, நீ திருத்தி அனுப்பியது. இரண்டாம் பக்கம், நடுவில். 'வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள்.' அதன்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் உன் அழகான கையெழுத்தில் 'தேவையற்ற விவரம்'. இதை அடிக்காமல் விட்டிருந்தால் உன் மகள் அவள் அறையிலேயே தூங்கிக்கொண்டிருப்பாள். கண்ணாடி போட்டு மாட்டி வை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சக ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை அன்றைக்கே ப்ளாக்கில் போட்டுவிட்டேன். உன்னிடம் அனுப்பவில்லை. அடுத்த திங்கள் இன்னொரு கடிதம், 'அன்புள்ள சக ஆசிரியருக்கு, கரப்பானைச் செருப்பால் அடிப்பது வீரமா?' அதற்கடுத்த திங்கள் கறையான். மூன்று வாரம், மூன்று கடிதம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. கட்டுரை என்று உட்கார்ந்தால்தான் எனக்கு வரவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கிற ஒரு ஆளுக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டால் பேனா தானாக ஓடுகிறது. இருபத்திரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்பது பேர், 'நானும் ஒரு சக ஆசிரியர்தான்' என்று ஆரம்பித்தார்கள். உனக்கு அந்த வகையில் நன்றி.

ஆனாலும் வேலை முடிந்த பிறகு எழுதிப்போட ஒருவரும் தயாரில்லை. 'எங்கள் வீட்டில் இருந்தது, இவர் வந்து ஒழித்தார்' என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்கிறார் தளம் அமைத்தவர். கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள்.

நான்காம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறேன். சீருடையில், மஞ்சள் வேனில், உன் வாசலுக்கு. வேண்டாம் என்றால் போனில் தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பு. நாற்காலியிலேயே தூங்கு.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஐந்து நாளாகக் கடி இல்லை. நேற்று என் மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். கட்டிலை நீ நாற்பது துண்டாகப் பிரித்துப் போட்டதை மறுபடி சேர்க்க ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். மயிலின் ஒரு கண் காணவில்லை. அதைக் குறை சொல்லவில்லை.

நீ வலைப்பூவில் போட்ட கடிதங்களைப் படித்தேன். படிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஆசிரியர் ஓய்வறையில் துறைத்தலைவர் சத்தமாக வாசித்தார். 'அதற்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது' என்ற இடத்தில் எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று, முழுக்கைச் சட்டையோடு. மொத்தம் முப்பத்தெட்டுப் பிழை. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்காம் தேதி ஒன்று நடந்தது. நீ கூடத்தில் வேலையாக இருந்தாய், நான் உள்ளறையில் இருந்தேன். காவலாளி கீழேயிருந்து போனில் கேட்டான்: "சார், வாசல்ல பூச்சி வண்டி நிக்குது. யார் வீட்டுக்கு வந்திருக்கு?" நான் சொன்ன பதில் உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வேலை முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய். ஐந்து நாளாகக் கடி இல்லாமலும் நான் தூங்கவில்லை.

ஒருவராவது எழுதித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தாய். எழுதியிருக்கிறேன். ஏழு பக்கம். என் பெயர், பதவி, கல்லூரி எல்லாம் கடைசியில் இருக்கிறது. போட்டுக்கொள்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

காதில் விழுந்தது. "தெரியலையே, யார் வீட்டுக்கோ" என்றாய். மண்டி போட்டு உன் சோபாவுக்கு அடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. சோபாவில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. முடித்துவிட்டுப் போனேன்.

உன் கட்டுரையைத் திருத்திப் போட்டுவிட்டேன். இத்துடன் மூலத்தை அனுப்புகிறேன், பார்த்துக்கொள். சிவப்பு மை கடையில் கிடைக்கவில்லை, வேலைச் சீட்டில் குறிக்கிற பச்சையால் அடித்திருக்கிறேன். முதல் பக்கம் நாகரிகங்களின் தோற்றம். அடித்துவிட்டேன். இரண்டு, மூன்று, நான்கு, சமூகத்தில் தூய்மை பற்றிய கருத்தாக்கம். அடித்துவிட்டேன். ஐந்தில் மூன்று மேற்கோள். அடித்துவிட்டேன். ஆறாவது பக்கத்தில் 'ஒரு நண்பரின் இல்லத்தில்' என்று எழுதி, நீயே அடித்து, 'எங்கள் இல்லத்தில்' என்று மாற்றியிருக்கிறாய். அங்கே பேனா நின்று மை ஊறியிருக்கிறது. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது பக்கத்தின் கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டிருக்கிறேன். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லவே வேண்டாம். மற்றதெல்லாம் தேவையற்ற விவரம். திங்கட்கிழமை போட்டது இவ்வளவுதான்:

'எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது. வந்து ஒழித்தவர் என் அக்கா.'

கீழே உன் பெயர். பதவியை எடுத்துவிட்டேன், பூச்சிக்கு அது தேவைப்படவில்லை. பெயரையும் எடுத்துவிடவா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எடுக்கவில்லை. மூன்று வருடம் நான் பொறுத்ததற்கு நீ ஒரு வாரம் பொறுக்கலாம்.

முட்டைகள் பொரித்திருக்கும். 18-ஆம் தேதி இரண்டாவது முறை அடிக்க வேண்டும். பத்து மணி. வண்டி அதே இடத்தில்தான் நிற்கும்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதைப் போனில் சொன்னால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய் என்று எழுதுகிறேன்.

நேற்று நீ வருவதற்கு முன்பே நான் கீழே இறங்கி வாசலில் நின்றதைப் பார்த்தாய். அது என்ன அதிசயம் என்று கேட்காமல், "கொஞ்சம் தள்ளி நில்லு, ரிவர்ஸ் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னாய். நீ கிளம்பிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எதிர் வீட்டுக்காரர், வங்கி மேலாளர், மூன்று வருடமாகக் கோட்டுப் போடாமல் நான் பார்த்திராத மனிதர், மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"சார், அந்த மஞ்ச வண்டி..."

"எங்க அக்காவோடது" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன். "எங்க அக்கா வண்டி. எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. மூட்டைப்பூச்சி."

அவர் படியில் மேலேயும் கீழேயும் பார்த்தார். யாருமில்லை. கோட்டின் கையை மெதுவாக மேலே இழுத்துக் காட்டினார். மூன்று மூன்றாக, வரிசையில்.

"எட்டு மாசமா, சார்" என்றார். "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அக்கா நம்பர் குடுங்க."

எட்டு மாதம். நான் கட்டில் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. ஆகவே மயிலைப் பற்றி நீ எழுதியதெல்லாம் தப்பாகவும் இருக்கலாம். எழுத்துப் பிழைகளைத் தவிர நீ செய்த ஒரே பிழை என்று இதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எண்ணைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இரண்டு படி ஏறியவர் திரும்பி வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். "வாசல்லதான் நிறுத்துவாங்க. அதுல பேச்சே கிடையாது."

"பரவாயில்ல" என்றார். பிறகு, "அந்தக் கரப்பானுக்கு ஒரு கால் குறையுது, கவனிச்சீங்களா?" என்றார்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் சார்" என்றேன். "எங்க அக்கா யார் சொல்லையும் கேக்க மாட்டாங்க."

அவர் வீட்டுக்கு வரும்போது, உன் ஸ்டோர் ரூமில் இருக்கும் அந்தச் சுவர்க் கண்ணாடியையும் எடுத்து வா. சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உன் தம்பி